கடலூர், சிதம்பரத்தில் .22 ரைஃபிள் வாங்க முடியுமா? கிளப், உரிமம், ‘கன்வர்ஷன் கிட்’ பற்றிச் சட்டம் சொல்வது என்ன?

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ, கடலூர்க் கல்லூரிகளிலோ என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ஃபயரிங் நாள் மறக்காது. தரையில் குப்புறப் படுத்து, 25 கெஜ தூரத்தில் இருக்கும் அட்டையைக் குறிபார்த்து, ஐந்து குண்டுகள். ஐந்தும் நெருக்கமாக விழுந்துவிட்டால் ‘க்ரூப்பிங்’ நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு முழுக்க அந்த கேடட்டைப் பிடிக்க முடியாது.

பட்டம் வாங்கி வெளியே வந்த பிறகுதான் கேள்வி எழுகிறது: “அதே மாதிரி ஒரு .22 சொந்தமா வாங்கிப் பழகலாமா?” கூடவே யூடியூப் வீடியோக்கள் வேறு. அமெரிக்காவில் ஒருவர் தன் பெரிய ரைஃபிளில் போல்ட்டைக் கழற்றுகிறார், வேறொன்றைச் சொருகுகிறார், இரண்டே நிமிடத்தில் அது மலிவான .22 குண்டைச் சுடும் துப்பாக்கி ஆகிவிடுகிறது. அதற்குப் பெயர் கன்வர்ஷன் கிட். “இவ்வளவு ஈஸியா?” என்று தோன்றும்.

சுருக்கமான பதில் இதுதான். .22 ரைஃபிள் வாங்கலாம். இந்தியச் சட்டம் வேறெந்த ரைஃபிளுக்கும் காட்டாத சலுகையை அதற்குக் காட்டுகிறது. ஆனால் வரிசை தலைகீழ்: முதலில் கிளப், அடுத்து உரிமம், எந்த ரைஃபிள் என்ற கேள்வி கடைசி. கன்வர்ஷன் கிட் பக்கம் மட்டும் போகவே கூடாது. அது ஜெயிலில் கொண்டுபோய் விடும்.

என்.சி.சி.யில் யாரும் உரிமம் கேட்கவில்லையே?

கேட்கவில்லை, உண்மைதான். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 45-ல், என்.சி.சி. உறுப்பினர்கள் அந்தப் பொறுப்பில் இருந்து ஆயுதத்தைக் கையாளும்போது இந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்கு தந்திருக்கிறது. துப்பாக்கியும் குண்டும் அரசினுடையவை, பயிற்சியும் அரசினுடையது. சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்த நிமிடமே அந்த விலக்கு முடிந்துவிடுகிறது. அதன்பிறகு ‘பி’ சான்றிதழும் ‘சி’ சான்றிதழும் பழகியவர் என்பதற்கு அடையாளமே தவிர, வைத்திருக்க அனுமதி அல்ல. உரிமம் இல்லாமல் ஒரு .22 வீட்டில் இருந்தால், 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

ரிம்ஃபயர் என்றால் என்ன?

தோட்டாவின் அடிப்பகுதியைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பெரிய ரைஃபிள் தோட்டாக்களில் அடிப்பக்க மையத்தில் வட்டமாகத் தனி ‘பிரைமர்’ இருக்கும், ஊசி அதன்மேல் அடிக்கும். அது சென்டர்ஃபயர். .22-ல் அந்த வட்டம் இருக்காது. தீப்பற்றும் மருந்து தோட்டாவின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கும். ஊசி விளிம்பில் அடித்ததும் பற்றிக்கொள்ளும். விளிம்பு நசுங்கித்தான் வெடிக்க வேண்டும் என்பதால் பித்தளை மெல்லியதாக இருக்கும். அதனால் அழுத்தம் குறைவு, சத்தம் குறைவு, உதைப்பும் ஏறத்தாழ இல்லை. ஒருமுறை சுட்ட கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்தவும் முடியாது.

இன்று உலகெங்கும் சுடப்படும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-ல் அமெரிக்காவில் வந்தது. ஈயக் குண்டின் எடை 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம். போட்டிக்கான தோட்டாவில் அது ஒலியின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக, நொடிக்கு 330 மீட்டருக்குள் பாயும்படி செய்திருப்பார்கள். ஒலி வேகத்தைத் தாண்டிப் போய் மறுபடி குறையும் குண்டு வழியில் தடுமாறும் என்பது காரணம். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-ல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டி முழுக்க இந்தத் தோட்டாவில்தான் நடக்கிறது.

‘வழங்கலாம்’ இல்லை, ‘வழங்க வேண்டும்’

துப்பாக்கி உரிமம் என்றாலே பெரிய இடத்துச் சிபாரிசு வேண்டும் என்றொரு பேச்சு ஊரில் உண்டு. சட்டத்தின் 13-ம் பிரிவை நிதானமாகப் படித்தால் வேறு படம் கிடைக்கிறது.

ஒரு ரைஃபிளோ பிஸ்டலோ கேட்டு விண்ணப்பித்தால், ‘தகுந்த காரணம்’ இருக்கிறது என்று உரிமம் வழங்கும் அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். நடைமுறையில் பெரும்பாலான விண்ணப்பங்கள் அங்கேதான் விழுகின்றன. ஆனால் பிரிவு 13(3) சிலவற்றை இந்தப் பொது விதியிலிருந்து தனியே பிரிக்கிறது. மத்திய அரசின் உரிமமோ அங்கீகாரமோ பெற்ற ரைஃபிள் கிளப் அல்லது ரைஃபிள் சங்கத்தின் உறுப்பினர், இலக்குப் பயிற்சிக்காக .22 ரைஃபிளோ ஏர் ரைஃபிளோ கேட்டால், அதிகாரி உரிமம் ‘வழங்க வேண்டும்’ என்பதே சட்டத்தின் சொல். உயிருக்கு ஆபத்து, எதிரி மிரட்டல் என்று காரணக் கதை எழுதத் தேவையில்லை. இலக்குப் பயிற்சியே காரணம்.

அதோடு நிற்கவில்லை. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இலக்குப் பயிற்சிக்கு .22 ரைஃபிளோ ஏர் ரைஃபிளோ பயன்படுத்தும் கிளப் உறுப்பினர்களுக்கு இந்த உச்சவரம்பு பொருந்தாது என்று அதே 3-ம் பிரிவின் இன்னொரு உட்பிரிவு சொல்கிறது.

அப்படியானால் விண்ணப்பித்ததும் கிடைத்துவிடுமா? கிடைக்காது. பொது அமைதிக்கோ பொதுப் பாதுகாப்புக்கோ இடையூறு என்று அதிகாரி கருதினால், 14-ம் பிரிவின்படி மறுக்கலாம். காவல்துறை விசாரணை உண்டு. வழக்குகள் இருந்தால் சிக்கல். ஆனாலும் விண்ணப்பதாரருக்குச் சாதகமான இரண்டு விஷயங்கள் அதே 14-ம் பிரிவில் இருப்பது பலருக்குத் தெரியாது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும், கேட்டால் அதைச் சுருக்கமாகத் தரவும் வேண்டும் (வெளியிடுவது பொதுநலனுக்கு எதிரானது என்று அதிகாரி கருதினால் மட்டும் விதிவிலக்கு). 18-ம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் வழி தருகிறது.

கடலூர் மாவட்டத்தில் வசிப்பவர், சிதம்பரமானாலும் பண்ருட்டியானாலும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வயது 21 முடிந்திருக்க வேண்டும். ஆயுதங்களைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் வேண்டும். உரிமம் கிடைத்தால் செல்லுபடியாகும் காலம் இப்போது 5 ஆண்டு, முன்பு 3 ஆண்டாக இருந்தது.

இத்தனைக்கும் அடிப்படை, ‘கிளப் உறுப்பினர்’ என்ற இரண்டு சொற்கள். அது இல்லையென்றால் சலுகையும் இல்லை, மற்ற விண்ணப்பங்களோடு சேர்ந்து ‘தகுந்த காரணம்’ வரிசையில் நிற்க வேண்டியதுதான். தெருமுனையில் போர்டு மாட்டிய ‘ஷூட்டிங் அகாடமி’ எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிடாது. பல இடங்களில் ஏர் ரைஃபிள் மட்டும் வைத்துப் பயிற்சி தருவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்த அட்டையை வைத்து .22 உரிமம் கேட்க முடியுமா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். கிளப்புக்கு மத்திய அரசின் அங்கீகாரம் உண்டா, தமிழ்நாடு துப்பாக்கிச் சுடும் சங்கத்தோடு இணைந்திருக்கிறதா, 50 மீட்டர் ரேஞ்ச் இருக்கிறதா, கிளப் ரைஃபிளை உறுப்பினர்கள் பயன்படுத்த முடியுமா? நாலு கேள்விதான். பதில் மழுப்பலாக வந்தால் பணம் கட்ட வேண்டாம்.

கன்வர்ஷன் கிட்: பழைய கதையும் புதிய குற்றமும்

பெரிய துப்பாக்கியை .22 ஆக்குவது இந்தியாவுக்குப் புதிதல்ல. என்.சி.சி. கையேட்டில் தலைமுறை தலைமுறையாகப் படித்துவந்த ‘.22 நம்பர் 2 மார்க் 4’ ரைஃபிளே ஒரு கன்வர்ஷன்தான். அடிப்படையில் அது முதல் உலகப் போரில் பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்கள் தூக்கிய .303 லீ என்ஃபீல்டு. போருக்குப் பிறகு, 1921-ல், பயிற்சிக்காக அதன் .22 வடிவத்தை பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது. அதே எடை, அதே பிடி. குழலின் துளை .22. சிப்பாயின் கை நிஜத் துப்பாக்கிக்குப் பழக வேண்டும், குண்டுச் செலவும் மைதான நீளமும் குறைய வேண்டும் என்பது கணக்கு. மேகசின் பெட்டியில் ஸ்பிரிங் இருக்காது. ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட வேண்டும், சுட்ட கூடு அந்தக் காலிப் பெட்டிக்குள் விழும். பதினெட்டு வயதுப் பையன்கள் அந்தச் சின்னக் குண்டுக்கு ஏன் இவ்வளவு கனம் என்று புலம்பியதன் காரணம் இதுதான்.

அது அரசு ஆயுத ஆலைகளின் வேலை. சோதித்து, முத்திரை குத்தி, எண் போட்டு வெளியே வந்தவை. இன்றைய கிட் வேறு சங்கதி. அமெரிக்காவில் அது ஏஆர்-15 போன்ற ரைஃபிள்களுக்கும் 9 மி.மீ. பிஸ்டல்களுக்கும் விற்கப்படுகிறது. இந்தியாவில் அந்தத் தாய்த் துப்பாக்கியே பொதுமக்கள் கையில் இருக்க முடியாது. ராணுவத் தோட்டாவான 7.62, .303, 9 மி.மீ. ஆகியவற்றைச் சுடக்கூடிய துப்பாக்கிகளையும், செமி ஆட்டோமேடிக் ரைஃபிள்களையும் ஆயுத விதிகள் கட்டுப்பாடு மிகுந்த முதல் வகையில் வைத்திருக்கின்றன. ரிம்ஃபயர் .22 ரைஃபிள் இருப்பது மூன்றாம் வகையில். ஆக, கிட் இருந்தாலும் அதைச் சொருக உடம்பு இல்லை.

“எங்க தாத்தா காலத்து .315 ரைஃபிள் உரிமத்தோட இருக்கு, அதுல .22 குழல் வைக்கலாமே?” என்று கேட்பவர்களும் உண்டு. உரிமப் புத்தகத்தில் துப்பாக்கியின் வகையும் துளை அளவும் எழுதியிருக்கும். துளை மாறினால் புத்தகத்தில் இருக்கும் துப்பாக்கி அது இல்லை. துப்பாக்கியை மாற்றி அமைப்பதற்கே 5-ம் பிரிவின் கீழ் தனி உரிமம் வேண்டும். 6-ம் பிரிவு இன்னும் கறாரானது. முன்பு அது குழலை வெட்டிக் குட்டையாக்குவதையும் பொம்மைத் துப்பாக்கியை நிஜமாக்குவதையும் மட்டும்தான் தடுத்தது. 2019-ல் ‘ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவது’ என்பதையும் சேர்த்துவிட்டார்கள். பெரியதைச் சிறியதாக்கினாலும் அது மாற்றம்தான். மீறினால் 25-ம் பிரிவின்படி குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம்.

ஆன்லைனில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதும் வேலைக்கு ஆகாது. ஆயுதத்தின் உதிரிப் பாகமும் சட்டத்தின் பார்வையில் ஆயுதமே. 10-ம் பிரிவின்படி இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டும். பார்சல் சுங்கத்தில் நின்றால் வீட்டு வாசலுக்கு வருவது கூரியர் பையன் அல்ல.

சரி, எந்த ரைஃபிள்?

உரிமம் கையில் வந்த பிறகு கடையில் நிற்பவர் பெரும்பாலும் பார்ப்பது பிராண்டை. பார்க்க வேண்டியது தோள்கட்டையை. ஒருவரின் கை நீளம், கழுத்து உயரம், கன்னம் பதியும் இடம் இவற்றுக்கு ஏற்பக் கட்டையின் நீளமும் உயரமும் பொருந்தவில்லை என்றால், விலை உயர்ந்த குழலும் வீண்.

இந்தியாவில் .22 ஸ்போர்ட்டிங் ரைஃபிள் செய்தது அரசின் ஆயுத ஆலை. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பிறகு, மேற்கு வங்கத்தின் இஷாபூர் ரைஃபிள் ஆலை அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் நிறுவனத்தின் கீழும், தோட்டா உற்பத்தி முனிஷன்ஸ் இந்தியாவின் கீழும் வந்துவிட்டன. அந்த ரைஃபிள் போல்ட் ஆக்‌ஷன், மரக்கட்டை. என்.சி.சி. ரைஃபிளில் பழகிய கைக்கு இலகுவாக இருக்கும். குறிபார்த்துச் சுடும் அடிப்படையைத் தொடர்வதற்கு அது போதும். ஆனால் கட்டையை உடம்புக்கேற்ப நீட்டவோ உயர்த்தவோ முடியாததால், 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் மேலே ஏற நினைப்பவருக்கு ஒரு கட்டத்தில் அது தடையாகும். முழந்தாளிட்டு, படுத்து, நின்று என்று மூன்று நிலைக்கும் கட்டை அளவு மாற வேண்டியிருக்கிறது. போட்டியாளர்கள் ஜெர்மனியின் ஆன்ஷுட்ஸ், வால்தர் போன்றவற்றுக்குப் போவது இதற்காகத்தான். விலை சில லட்சங்கள். முதல் ரைஃபிளாக அதை வாங்குவது, ஓட்டக் கற்காமல் ரேஸ் பைக் வாங்குவது மாதிரி. ஆறு மாதமாவது கிளப் ரைஃபிளில் சுட்டுவிட்டு அளவெடுப்பது நல்லது.

டெலஸ்கோப் போட்டால் நன்றாகக் குறி விழும் என்று நினைக்கலாம். ஒலிம்பிக் முறைப் போட்டியில் டெலஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. சின்னத் துளை வழியே பார்க்கும் ‘அபெர்ச்சர்’ சைட்தான். அதில் பழகுவதே உருப்படியானது.

தோட்டா விஷயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனால் வேறு வேறு தயாரிப்பு எண் கொண்ட இரண்டு பெட்டிகள் ஒரே ரைஃபிளில் வெவ்வேறு மாதிரி சுடும். ஒரு குழலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. பெரிய வீரர்கள் பல தயாரிப்பு எண்களைச் சுட்டுப் பார்த்து, பொருந்தியதை மொத்தமாக வாங்கி வைப்பார்கள். சாதாரண உறுப்பினருக்கு அந்த வசதி கிடையாது. எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதையே உரிமப் புத்தகம்தான் தீர்மானிக்கிறது. அதனால் கிளப்பில் எது சீராகக் கிடைக்கிறதோ அதில் ஒட்டுகிற ரைஃபிளே நல்ல ரைஃபிள்.

தோப்பில் சுடலாமா?

கூடாது. .22 சின்னக் குண்டுதானே என்ற அலட்சியம்தான் இதில் மிகப் பெரிய ஆபத்து. மேல்நோக்கிச் சற்றே சாய்ந்து போன .22 குண்டு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் போய் விழும். கடலூர்க் கரையோரச் சவுக்குத் தோப்பும் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காடும் ஆளில்லாத இடம் போலத் தெரியும். உள்ளே யார் விறகு பொறுக்குகிறார்கள், யார் ஆடு மேய்க்கிறார்கள் என்று தெரியாது. சிதம்பரத்தைச் சுற்றியோ கண்ணுக்கெட்டிய வரை தட்டையான வயல். குண்டைத் தாங்க ஒரு மேடு கிடையாது.

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பக்கத்துப் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு பாய்ந்தது. மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சியில் இருந்தார்கள். சிறுவன் 2022 ஜனவரி 3 அன்று இறந்தான். அது படையினரின் பயிற்சி, அதற்கென்றே ஒதுக்கிய தளம், அனுபவமுள்ள மேற்பார்வை. அங்கேயே அப்படி நடந்தது என்றால் தோப்பில் அட்டை கட்டிச் சுடுவதைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

நல்ல ரேஞ்சிலும் கடலூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு எதிரி இருக்கிறது: கடற்காற்று. 50 மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் காற்று அடித்தால் .22 குண்டு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். பத்து எட்டாகிவிடும். கடலோர ஊர்களில் மதியத்துக்கு மேல் காற்று எழும்பும் என்பதால், திறந்தவெளி ரேஞ்சில் காலை நேரமே பழக உகந்தது.

ஏர் ரைஃபிளில் தொடங்கினால் குறைச்சலா?

கடலூரில் பிறந்து உலகத் தரவரிசையில் முதலிடம் வரை போன இளவேனில் வாலறிவனின் ஆயுதம் .22 அல்ல, 10 மீட்டர் ஏர் ரைஃபிள். டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் இறங்கியது அதோடுதான். அவர் வளர்ந்ததும் பழகியதும் அகமதாபாத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திறமை கடலூரில் பிறக்கலாம், ரேஞ்ச் இருக்கிற ஊரில்தான் அது வளர்கிறது.

4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்று கொடுத்துக் கடையில் வாங்கலாம். 10 மீட்டர் இடமும் பின்னால் உறுதியான தடுப்பும் இருந்தால் உள்ளரங்கில் பழகலாம். அதில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. ட்ரிகர், மூச்சு, நிலை மூன்றையும் அது ஈவு இரக்கமில்லாமல் சோதிக்கும். மாவட்ட, மாநிலப் போட்டிகளில் அதில் தகுதி மதிப்பெண் எடுத்தவர், பிறகு .22 உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது கையில் ஆவணத்தோடு போகிறார்.

பிள்ளை பன்னிரண்டு வயதைத் தாண்டியிருந்தால், 21 ஆகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பயிற்சியாளரின் நேரடி மேற்பார்வையில், ரேஞ்சுக்குள், கிளப்பின் .22-ஐச் சுட்டுப் பழக விதிகள் இடம் தருகின்றன. சொந்தமாக வைத்திருக்கத்தான் வயது வர வேண்டும். பிள்ளையின் ஆசைக்காக அப்பா தன் பெயரில் உரிமம் வாங்கி, “நீ எடுத்துட்டுப் போ” என்று அனுப்பிவைத்தால் அது குற்றம்.

வாங்கிய பிறகு

உப்புக்காற்று இரும்பை விடாது. தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை மாதிரி கடலை ஒட்டி இருப்பவர்கள் சுட்ட அன்றே துடைத்து, குழலின் வெளிப்புறத்துக்கும் போல்ட்டுக்கும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுக்க வேண்டும். துணி உறைக்குள் நிரந்தரமாக வைக்கக் கூடாது. துணி ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தோட்டாவைத் தனியாக, காற்றுப் புகாத டப்பாவில், வேறு பூட்டில் வைப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வருகிற தெரு என்றால் பெட்டி தரைத்தளத்தில் வேண்டாம்.

பழைய .22-களில் வெறும் ட்ரிகரை அழுத்தி விளையாடுவதும் கூடாது. தோட்டா இல்லாதபோது ஊசி போய்க் குழல் விளிம்பில் இடிக்கும். நாளடைவில் அங்கே பள்ளம் விழுந்தால் தோட்டா சரியாக இறங்காது.

தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வரும். தேசிய ரைஃபிள் சங்கத்தில் பதிவுசெய்து போட்டிகளில் கலந்துகொள்ளும் வீரர்கள் விலக்குக் கேட்டு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். மற்றவர்கள் ஒப்படைத்துவிட்டு ரசீதை வாங்கி, உரிமப் புத்தகத்தோடு பத்திரமாக வைக்க வேண்டும். திரும்ப வாங்கப் போகும்போது முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.